கடலடிச் சிற்பங்களும் கரைவலைக்காரரும்

மாலை வேளையிலே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் நிழல் கடலை நோக்கி நீளும். நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் அப்பள்ளிவாசலின் முன்றிலில் நின்று நோக்கினால், மணலில் ஏற்றி வைத்த தோணிகளும், விரித்துலர்த்திய வலைகளும், வலை பொத்துவோரின் குனிந்த முதுகுகளும் கண்ணிற்படும். சென்ற கச்சான் காலத்தில் ஒரு மாலை, உம்மாவின் வழியில் எனக்கு மாமா முறையான முதியவர் ஒருவரோடு அவ்விடத்தில் அமர்ந்திருந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரைவலை இழுத்தவர் அவர். உள்ளங்கையைத் தொட்டால் கயிற்றைத் தொட்டது போலிருக்கும்.

பேச்சினிடையே என் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அவருக்குக் காட்டினேன். நீல நீரின் அடியில், கைகோத்து வட்டமாக நிற்கும் சிறுவர் சிறுமியரின் சிலைகள். அவற்றின் கன்னத்திலும் தோளிலும் கடற்பஞ்சும் பாசியும் படர்ந்திருந்தன. இடையிடையே மீன்கள் நீந்தின. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவின் கடலிலே நிற்பவை அவை. "நமது கடலிலும் இப்படிச் செய்து வைத்தால் மீன் பெருகும், மாமா. பார்ப்பதற்கு வெளியூராரும் வருவார்கள்" என்று உற்சாகத்தோடு சொன்னேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் தொலைபேசியை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"கடலுக்குள்ள போன புள்ளயள்ற மொகத்தத் திரும்பக் கடலுக்குள்ளயே வெச்சிப் பாக்கச் சொல்றியா, மருமகன்?"

எனக்கு நாவெழவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை எழுந்து வந்த ஆழிப்பேரலை, இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றது. மாண்டவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என நெருங்கிக் கிடந்த கரையோர ஊர்கள் சில நிமிடங்களுக்குள் குலைந்து போயின. மாமாவின் வீட்டிலிருந்து போனவர் இருவர். அவர்களில் ஒருத்தி ஏழு வயதுப் பேத்தி. அவளை அடக்குவதற்கு ஓர் உடல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் அறிந்திருந்தும் அப்படத்தை அவர் கையிற் கொடுத்தவன் நான்.

அவர் கேட்ட வினாவுக்கு விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

முதலில், இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். பிரித்தானியச் சிற்பியான ஜேசன் டி கெயர்ஸ் ரெய்லர் என்பவர் 2006ஆம் ஆண்டில் கிரனடாவின் மொலினியர் விரிகுடாவில் தம் சிற்பங்களைக் கடலடியில் நிறுவினார். உலகின் முதலாவது கடலடிச் சிற்பப் பூங்கா எனப் பெயர் பெற்றது அது. அதன் பின்னர் மெக்சிக்கோவின் கான்கூன் நகருக்கு அருகே, 2010ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 500 சிற்பங்களைக் கொண்ட கடலடி அருங்காட்சியகம் எழுந்தது. அங்கே பெரும்பாலானவை அவ்வூர் மக்களை முன்னிறுத்தி அச்செடுத்து வார்த்த உருவங்கள். 2016இல் ஸ்பெயினுக்குரிய லன்சரோட்டே தீவிலும், அதற்குப் பின் அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்வில் நகரையடுத்த கடலிலும் இத்தகையன தோன்றின. கான்கூனில் இதை நிறுவியோர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. இயற்கையான முருகைப் பாறைகளைக் காணச் சுழியோடிகள் கூட்டங்கூட்டமாகச் சென்று, துடுப்புக் காலணியாலும் நங்கூரத்தாலும் அவற்றைச் சிதைத்து வந்தனர். அக்கூட்டத்தில் ஒரு பகுதியை வேறிடத்திற்குத் திருப்பிவிட்டால் இயற்கைப் பாறை சற்று இளைப்பாறும் என்பதே அவர்கள் கருத்து.

கல் எவ்வாறு உயிர்களுக்கு வீடாகிறது? முருகை என்பது கல்லன்று. கல்லைக் கட்டும் நுண்ணிய உயிர்களின் கூட்டு. அவற்றின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிப்பட்டபின் நீரோட்டத்தில் மிதந்து, பற்றிக்கொள்ளத்தக்க கடினமான இடத்தைத் தேடும். மணல் அவற்றுக்கு உதவாது. புரளும் மணலில் எதுவும் வேரூன்றுவதில்லை. ஆகவே மணற்பரப்பிலே உறுதியான ஒரு பொருளை இறக்கினால், முதலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்ப் படலமும் பாசியும் அதன்மேற் படியும். அடுத்துக் கொட்டலசு, கடற்பஞ்சு முதலியன வந்து ஒட்டும். காலஞ் செல்ல முருகை பிடிக்கும். மீன்களோ இத்துணைக் காலம் காத்திருப்பதில்லை. நிழலும் மறைவும் கண்டதும் சில நாள்களிலேயே வந்து சேரும். ஆனால் பாறைபோற் பருக்கும் முருகை ஆண்டொன்றுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும் என்பதை மறத்தலாகாது. இன்று இறக்குவோர் கண்டு மகிழ்வது மீனைத்தான். முருகை அவர்தம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குரியது.

இதற்கெனச் செய்யும் கொங்கிறீற்றும் தனி வகையானது. சாதாரணச் சீமெந்திற் காரத்தன்மை மிகுதி. அது குஞ்சுகளை அண்டவிடாது. எனவே கடல்நீருக்கு ஒத்த தன்மையுடைய கலவையைப் பயன்படுத்துவர். மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவர். சிறிதும் பெரிதுமாகத் துளைகளும் குடைவுகளும் வைப்பர். சிறிய துளையிற் சிறு மீன் ஒளியும். பெரிய குடைவிற் களவாயும் சிங்கிறாலும் குடிபுகும். வழவழப்பான, துளையற்ற, அழகிய சிலையொன்று மனிதர் கண்ணுக்கு எவ்வளவு இனிதாயினும் மீனுக்கு வெறுஞ் சுவரே.

இச்செய்தி நமக்கு முற்றும் புதியதன்று. தமிழகத்தின் தென்கோடியிலும் கேரளத்தின் தென்கரையிலும் கட்டுமரக்காரர் கல்லையும் மரக்கிளைகளையும் தென்னோலைகளையும் கடலில் இறக்கி மீனை ஒதுங்கச் செய்யும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டவர்கள். இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வழக்கத்தையே அடியொற்றி, தமிழகத்துக் கரையோரங்களிற் கொங்கிறீற்றுச் செயற்கைப் பார்களை இறக்கி வருகின்றனர். முக்கோண வடிவிலும் கிணற்று வளைய வடிவிலும் வார்க்கப்படும் அவற்றைச் சிற்பமென்று எவரும் சொல்லார். புதுச்சேரிக் கடலில், 2013ஆம் ஆண்டு தொடங்கி, சுழியோடிகள் கழித்த பொருள்களையும் கொங்கிறீற்றையும் கொண்டு அமைத்த பார் ஒன்றும் உண்டு.

நமது கீழ்கரைக்கோ இயற்கையும் போரும் சேர்ந்து ஒரு பாரை முன்பே அளித்துவிட்டன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி, பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான 'ஹெர்மிஸ்' திருகோணமலையிலிருந்து விலகிச் சென்ற வேளையில், யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டு அதனைக் குண்டு வீசி மூழ்கடித்தன. அதில் மட்டும் 307 பேர் மாண்டனர். துணை வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்', எண்ணெய்க் கப்பல்களான 'அதெல்ஸ்ரேன்', 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்', காவற் கப்பலான 'ஹொலிஹொக்' ஆகியவும் அதே நாளில் இக்கடலிலேயே அமிழ்ந்தன. ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒருக்கணித்துக் கிடக்கும் ஹெர்மிஸின் இரும்பிலே இன்று மென்முருகையும் கடற்பஞ்சும் அடர்ந்துள்ளன. பெருமீன்கள் கூட்டமாய்த் திரிகின்றன. உலகின் பல திசைகளிலிருந்தும் அனுபவமிக்க சுழியோடிகள் அதைக் காண மட்டக்களப்புக்கு வருகின்றனர். ஆயினும் அவர்கள் அங்கு ஒரு பொருளையும் எடுப்பதில்லை, எடுத்தலும் முறையன்று. அது ஒரு கல்லறை. எண்பதாண்டுகளாய் மீன் வாழ்வதால் அது கல்லறையாதல் மாறிவிடவில்லை.

2020ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையினர் காலியிலும், திருகோணமலையின் சாண்டி பே கரையிலும் கடலடி அருங்காட்சியகங்களை அமைத்தனர். கொங்கிறீற்றில் வார்த்த சிற்பங்களைச் சுழியோடிகளே சுமந்து சென்று கடலடியில் நிறுத்தினர். மறுஆண்டு, 2021 ஜூன் மாதத்தில், பயன்பாட்டிலிருந்து நீக்கிய போக்குவரத்துச் சபைப் பேருந்துகளை வடகடலில் நெடுந்தீவுக்கு அப்பால் இறக்கினர். மீன் பெருகும் என்பது இறக்கியோர் வாதம். வலை கிழியும் என்பது தமிழகத்து மீனவரின் முறையீடு. ஒரே பேருந்து ஒருவருக்கு மீன் வீடாகவும் மற்றவருக்கு முட்புதராகவும் தோன்றியது.

இவ்விடத்திற்றான் நாம் நிதானிக்க வேண்டும். கடலில் எதையேனும் இட்டால் கடல் அதற்கு மறுமொழி சொல்லாமல் விடாது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையையடுத்து, மீன் பெருக்கும் நல்ல நோக்கத்தோடு, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பழைய றப்பர்ச் சில்லுகளைக் கட்டுக் கட்டாகக் கடலில் இட்டனர். கட்டுகள் அறுந்தன. சில்லுகள் அலையோடு உருண்டு, அருகிலிருந்த உண்மையான முருகைப் பாறைகளை மோதி அழித்தன. பிற்காலத்தார் பெரும் பொருட்செலவில் அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 2008இற் கட்டத் தொடங்கி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் கதை நம்மூர்க் குழந்தைகளுக்கும் தெரியும். இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அலைதடுப்புச் சுவர் அந்நகர்வை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரித்துத் தென்னந்தோப்புகள் கடலிற் சாய்ந்தன. துறைமுக வாயிலோ மணலால் தூர்ந்தது. சுவரும் சிற்பமும் ஒன்றல்ல; ஆழத்திற் கிடக்கும் சிறு பார் கரையை அவ்வாறு அரிக்காது. ஆனால் மணலின் வழியைக் கேட்டறியாமல் கடலிற் கைவைப்போர்க்கு ஒலுவில் ஒரு பாடம்.

அறிஞர் எழுப்பும் ஐயம் மற்றொன்றும் உண்டு. செயற்கைப் பார் மீனைப் பெருக்குகிறதா, அன்றிப் பரந்து திரிந்த மீனை ஓரிடத்தில் திரட்டித் தருகிறதா என்பதே அது. திரட்டுவது மட்டுமே அதன் பணியாயின், இயந்திரப் படகும் செறிந்த வலையும் உடையவர் அவ்விடத்தைச் சூழ்ந்து ஒரே வாரத்தில் அள்ளிவிடுவர். தோணிக்காரனுக்கு முன்பிருந்ததும் இல்லாமற் போகும். எனவே பார் இறக்குவது பாதி வேலை. அதைச் சூழ எவர், எவ்வலை கொண்டு, எக்காலத்திற் பிடிக்கலாம் என்ற ஒழுங்கை ஊர்கூடி வகுத்துக் காப்பதே மற்றப் பாதி. ஒழுங்கில்லாத பார் மீனுக்கு வீடன்று; பொறி.

இனி உருவத்தைப் பற்றிய வினா. 2018ஆம் ஆண்டில் மாலைதீவின் உல்லாச விடுதியொன்றின் கடலேரியில் அதே ரெய்லர் அமைத்த சிற்பக்கூடம் திறக்கப்பட்டது. நீரில் பாதி அமிழ்ந்த கூண்டொன்றின் உள்ளும் மேலும் மனித உருவங்கள் நின்றன. அவை இஸ்லாத்துக்கு ஒவ்வாதன என்ற எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், நீதிமன்ற ஆணையின்படி, பொலிசார் அவ்வுருவங்களை உடைத்தகற்றினர். சிலை திறந்தபோதும் உடைந்தபோதும் செய்தி உலகெங்கும் பரந்தது; இரண்டிற்கும் முன்னர் அந்நாட்டு மக்களை எவர் கேட்டார் என்பதை மட்டும் நான் எங்கும் வாசித்திலேன்.

உருவச் சிலைகளை விரும்பாத மரபிலே வளர்ந்தவர் எம்மக்கள். இது கலையறியாமை என்று எண்ணுவோர் எங்கள் பள்ளிவாசல்களின் பலகணிகளை உற்று நோக்கியதில்லை. வட்டத்துள் வட்டமும், விண்மீனுள் விண்மீனும், கொடியோடு கொடியுமாகத் துளைத்து விடும் அவ்வேலைப்பாட்டிலே காற்றும் ஒளியும் புகும். வெயிலும் கண்ணும் தடைப்படும். மருதமுனைத் தறிகளில் இழையோடு இழை குறுக்கிட்டுப் பிறக்கும் கோலங்களும் அத்தகையனவே. சற்று முன் கூறியதை வாசகர் நினைவு கூர்க: மீன் வேண்டுவது முகத்தையன்று, துளையை. முருகை வேண்டுவது வழவழப்பையன்று, சொரசொரப்பை. எம் மரபு கைதேர்ந்த சல்லடைக் கோலமே கடலுயிர் கேட்கும் வடிவமுமாய் இருக்கின்றது. இதை எண்ணியபோது, கிரனடாவின் படத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முனைந்த என் அவசரத்துக்கு நாணினேன்.

தண்ணீருக்குள்ளே கலையைக் காண்பதற்கு எங்கள் பக்கத்தூராரான ஒருவர் நமக்கு வழிகாட்டியும் இருக்கிறார். சாய்ந்தமருதுக்கு அடுத்த காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்பு வாவியில் நிலவொளியிலே எழும் இனிய ஓசைக்குச் செவி சாய்த்து, அதை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்தார். வாவிக்குள் ஒன்றையும் அவர் இறக்கவில்லை. ஏற்கெனவே அங்கிருந்ததைக் கேட்டார். கடலடியில் எதையேனும் வைக்க விரும்புவோர் முதலிற் கைக்கொள்ள வேண்டிய பயிற்சி இதுவெனத் தோன்றுகிறது.

சில வாரங்கள் கழிந்தபின் மாமாவை மீண்டும் காணச் சென்றேன். இம்முறை படமொன்றும் கொண்டு செல்லவில்லை. அவரே என்னை அழைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தார். அவருடைய பழைய வளவு இருந்த இடத்தை அலை பாதியளவு தின்றுவிட்டது. வேலியுமில்லை, சுவருமில்லை. ஆனால் அலை உடையும் இடத்திலே, இடுப்பளவு நீரில், கொங்கிறீற்று வளையமொன்று சாய்ந்து நின்றது. அதைச் சுற்றி மூன்று சிறுவர்கள் தூண்டிலோடு நின்றிருந்தார்கள்.

"எங்கட கெணறு" என்றார் மாமா. "வீடு போச்சி. கெணறு மட்டும் நிண்டிச்சி. இப்ப அதுக்குள்ள மீன் குடியிருக்கு."

வளையத்தின் வெளிப்புறம் முழுவதும் கொட்டலசு படிந்து, கைவைத்தால் கிழிக்கும் போலிருந்தது. உள்ளே நிழலான நீரில் விரலளவு மீன்கள் அசைந்தன. அந்தக் கிணற்றில் அள்ளிய நீரிலேதான் அப்பேத்தி பாடசாலைக்குப் போகுமுன் முகங் கழுவியிருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அப்போது அவரிடம் தயக்கத்தோடு என் எண்ணத்தைச் சொன்னேன். முகங்கள் வேண்டாம். கிணற்று வளையங்களை வார்ப்போம். அவற்றின் பக்கங்களிற் பள்ளிவாசற் பலகணியின் கோலங்களைத் துளைப்போம். நெசவுத் தறியின் கோலத்தையும் இடுவோம். பெயரும் எழுத வேண்டாம். இந்தியாவில் மீன் பெருக்குவதற்கு அறிஞர் இறக்கும் வடிவங்களில் கிணற்று வளையமும் ஒன்றென்பதை விளக்கினேன். சுழியோடிப் பார்க்க விரும்புவோர் கச்சான் காலத்தில் கடல் தெளிந்திருக்கையில் வந்து பார்க்கட்டும். வாடையில் கடல் தன் பாட்டிலிருக்கட்டும்.

அவர் உடனே விடை கூறவில்லை. சிறுவன் ஒருவனுக்குச் சிறிய மீனொன்று அகப்பட்டது. அதைக் கழற்றித் திரும்ப நீரில் விடச் சொன்னார். பின்னர் என் பக்கம் திரும்பி, கரைவலைக்காரனுக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"எங்க வைக்கப் போறீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் மணலிற் குந்தி, விரலாற் கோடு கிழிக்கத் தொடங்கினார். கரை இது. வலை விட்டு வளைக்கும் எல்லை இது; ஒவ்வொரு கரைவலைப்பாட்டுக்கும் மணல் சுத்தமாய் இருக்க வேண்டும், ஒரு கல் கிடந்தாலும் மடி கிழியும், ஐம்பது பேருடைய அன்றைய சோறு போகும். இந்தப் பக்கம் நீர் இழுக்கும்; அங்கு வைத்தால் மணல் மூடும். இங்கே அடி இறுக்கம்; இயந்திரப் படகுகள் போகும் பாதையுமன்று. கடலடியைக் கண்ணாற் பாராமலே, ஐம்பதாண்டுகள் கயிற்றின் இழுவையால் மட்டும் அறிந்த அவர், எந்த வரைபடத்திலும் நான் காணாத ஒரு கடலை அம்மணலில் வரைந்து காட்டினார். என் குறிப்பேட்டில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அறிஞர் அளவெடுத்துச் சரிபார்க்க வேண்டும். துறைசார்ந்தோரின் அனுமதியும் வேண்டும். ஊர் மீனவர் அனைவரும் கூடி ஒப்ப வேண்டும். ஆயினும் முதற்கோடு எவர் விரலால் விழ வேண்டுமோ அவர் விரலால் விழுந்துவிட்டது.

மஃரிப் தொழுகைக்கான பாங்கொலி எழுந்தது. மாமா கைமணலைத் தட்டிவிட்டு எழுந்தார். கிணற்று வளையத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பத்துப் பாகத்துக்கு வெளியாலதான் வைக்கோணும்" என்றார். "காலையில வா, மருமகன். தோணியில போய்க் காட்டுறன்."